விரல் அறிந்த கட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடல் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று எண்ணாத நாள் இங்கே இல்லை. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். வெயில் இதமாக இருப்பதால் காலையில் படியிறங்கி வாசல் வரை நடக்கிறாள். பகலில் துணைக்கு வரும் அம்மாள் தவறாமல் வருகிறார். வந்ததும் அவருக்கு முதல் வேலை என்னை அடுக்களையை விட்டு விரட்டுவதுதான். நான் பாத்திரம் கழுவினால் அதை இன்னொரு முறை கழுவ வேண்டியிருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தலை சீவும்போது கையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மதிப்பெண் குறைந்த தாளைக் கையெழுத்துக்கு நீட்டும்போது இப்படித்தான் சிரிப்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "யாரு, மில்லுலேர்ந்தா" என்று கேட்டு போனை வாங்கிக்கொண்டுவிட்டாள். பிறகு நீ அழுதாயோ என்னவோ. உன் சித்திக்கு நடந்த பிறகு, கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டில் எல்லோருக்கும் முகம் வெளிறிவிடுகிறது. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். போனில் பேசினால் நான் பாதியில் மறந்துவிடுவேன், நீ பாதியில் கலங்கிவிடுவாய். கடிதம் என்றால் இரண்டாம் முறை படிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாத்தியார், டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு அப்பாவே சொல்லிவிட்டார் என்று சும்மா இருந்துவிடாதே. ஒரு டாக்டரிடம் தலையைக் காட்டு. பெரும்பாலும் தொட்டுப் பார்த்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள், சந்தேகமிருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வேகமாக வளர்ந்தாலும், கல்லாக இறுகி நகராமல் நின்றாலும், மேலே தோல் புண்ணானாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. நீ சொன்ன அடையாளங்களில் இவை ஒன்றும் இல்லை. உச்சிக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம். வலி கிடையாது. வழவழப்பாக இருக்கிறது, விரலால் தள்ளினால் தோலோடு கொஞ்சம் நகர்கிறது. எப்போது வந்தது என்றே உனக்குத் தெரியவில்லை. அப்படியானால் அது என்னிடமிருந்து உனக்கு வந்ததாகத்தான் இருக்கும். என் அப்பாவுக்கு இருந்தது, உன் பெரியப்பாவுக்கு இரண்டு இருந்தன, எனக்கு ஒன்று. தலையில் வரும் இந்த வகை குடும்பத்தில் இறங்கி வருமாம். சொத்து ஒன்றும் சேர்த்துவைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டதுண்டு. இதோ, ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

அது என்ன என்று சொல்கிறேன். ஊரில் ஒருவர் நீர்க்கட்டி என்பார், இன்னொருவர் கொழுப்புக் கட்டி என்பார். உன்னுடையதில் நீரும் இருக்காது, கொழுப்பும் இருக்காது. நம் தோல் ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. மேலே இருப்பது உதிர உதிர, அடியிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். மூடி போட்ட ஷார்ப்னர் ஒன்றை நினைத்துக்கொள். திறந்த ஷார்ப்னரில் பென்சில் சீவினால் தூள் மேசையில் விழும், ஊதிவிடலாம். மூடியதில் சீவினால் எல்லாம் உள்ளேயே சேரும். முடி முளைக்கும் குழியின் உள்சுவரில் ஒரு துணுக்கு எப்படியோ தோலுக்கு அடியில் ஒரு பையாக மூடிக்கொள்கிறது. தன் வேலையை அது விடுவதில்லை. உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. உதிர்ந்ததற்கு வெளியே போக வழியில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்து, அரைத்த மாவு போலக் கெட்டியாகி, கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகு ஒரு நாள் சீப்பில் தட்டுப்படுகிறது. அவ்வளவுதான். அது பரவாது, உறுப்பைத் தின்னாது. சித்திக்கு வந்தது வேறு ஜாதி. இதையும் அதையும் ஒரே பெயரால் கூப்பிடுவது நம் பேச்சில் உள்ள குறை.

செய்யக் கூடாதது ஒன்றுதான். பிதுக்காதே, ஊசியால் குத்தாதே. மாப்பிள்ளைக்கு எதையும் சரிசெய்து பார்க்கும் கை என்று எனக்குத் தெரியும். குழாயோடும் மிக்ஸியோடும் அவர் நிறுத்திக்கொள்ளட்டும். பிதுக்கினால் தூள்தான் வெளியே வரும், ஷார்ப்னர் உள்ளேயே இருக்கும். கொஞ்ச நாளில் பழையபடி நிறைந்துவிடும். பை உள்ளேயே கிழிந்தால் சுற்றிலும் சிவந்து வீங்கும். எடுக்க வேண்டுமென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கொஞ்சம் கீறி, பையைக் கிழியாமல் முழுசாக எடுத்துவிடுவார்கள். பட்டாணியைத் தோல் கிழியாமல் நெற்றிலிருந்து தள்ளி எடுப்பதுபோல. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது வழக்கம்தான், பயப்படாதே. தொந்தரவில்லை என்றால் எடுக்காமலும் விடலாம்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என்னுடையது சென்ற மாதம் சீழ் பிடித்துவிட்டது. சீப்பு கீறிவிட்டது. டாக்டர் கீறிச் சீழை எடுத்துவிட்டார், புண் ஆறிவருகிறது. நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. இப்போது நலமாகவே இருக்கிறேன்.

அம்மா சில நாளாக என்னைச் சார் என்று கூப்பிடுகிறாள். வாத்தியாரைச் சார் என்று கூப்பிடுவதில் தவறில்லையே.

டாக்டரைப் பார்த்ததும் எழுது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மனத்தை அலையவிடாமல் வேளைக்குத் தூங்கு.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு நான் எழுதியதையே சொன்னார் என்று படித்ததும் பெரிய பாரம் இறங்கியது. அவரிடம் நீ ஷார்ப்னர் உதாரணத்தைச் சொன்னதும், இனி நோயாளிகளிடம் தானும் அதையே சொல்லப்போவதாக அவர் சொன்னதும், ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் போதுமான பரிசு.

கடிதத்தின் பின்பாதி முழுக்க என்னைத் திட்டியிருக்கிறாய். பையை எடுக்கக் குறித்திருந்த நாளில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று துணைக்கு வரும் அம்மாள் உனக்கு போன் செய்துவிட்டார். அவரை நான் கோபிக்கவில்லை. "நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க சார், பெத்த பொண்ணு சொன்னா கேப்பீங்க, அதான் வச்சேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மறைத்துப் பேசத் தெரியாத மனுஷி. நீ கேட்டிருக்கிறாய்: எனக்குப் பக்கம் பக்கமாகப் பாடம் எழுதிவிட்டு நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள், ஒரு கட்டியைக் கட்டிக்கொண்டு அழவா என்று. நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

என் தலையில் இருந்த கட்டிக்கு நம் வீட்டில் என்ன பெயர் என்று உனக்கு நினைவிருக்கும். சுவிட்ச். விருந்தினர் வந்தால் நான் பேச ஆரம்பிப்பேன். சூரியனில் தொடங்கிச் சமையல் சோடாவில் முடிப்பேன். வந்தவர்கள் கொட்டாவியை அடக்கத் தொடங்கியதும் அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, முடிக்குள் விரலை விட்டு அதை ஒரு அழுத்து அழுத்துவாள். "வாத்தியாரை நிறுத்தியாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க" என்பாள். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நாற்காலியில் ஏறி நின்று நீயும் அழுத்துவாய். உனக்கு இடம் தப்பிவிடும். அவளுக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

தப்பாது. மில்லில் அவள் பார்த்த வேலை அப்படி. நெய்த துணி சாய்ந்த மேசையின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் மேல் விரல்களை ஓடவிட வேண்டும். நூலில் முடிச்சு தட்டுப்பட்டால் கை தானாக நிற்கும். கூர்மையான சின்ன இடுக்கியால் முடிச்சை மேலே இழுத்து, கத்தரித்து, இழையைச் சமமாக்கிவிட்டு அடுத்த முழத்துக்குப் போக வேண்டும். பக்கத்து மேசைக்காரியோடு ஊர்வம்பு பேசிக்கொண்டேதான் இத்தனையும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இன்றைக்கும் படுக்கை விரிப்பைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். மேசை விரிப்பு, என் சட்டைக் கை, எதுவும் தப்புவதில்லை.

மறதி வந்த பிறகு மாலை வேளைகள்தான் கஷ்டம். வெளிச்சம் மங்க மங்க அவளுக்குக் குழப்பம் ஏறும். நீங்க யாரு, எங்க வீட்ல என்ன பண்றீங்க என்று கேட்பாள். கல்யாணப் படத்தைக் காட்டினேன். படத்தில் இருந்த கறுப்பு முடிக்காரனைத் தன் கணவன் என்று ஒத்துக்கொண்டாள். நரைத்த என்னை ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இதை நீ போன முறை வந்திருந்தபோதே கொஞ்சம் பார்த்தாய்.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. நீ ஊர் திரும்பிய பிறகு ஒரு மாலை, அவள் செருப்பை எடுத்துப் போட நான் குனிந்தேன். பிடிமானத்துக்கு அவள் என் தலையில் கை வைத்தாள். விரல் முடிக்குள் போயிற்று, கட்டியைத் தொட்டது, நின்றது. ஒரு அழுத்து அழுத்தினாள். "ஏங்க, நீங்களா. இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க, காப்பி ஆறிப்போச்சு" என்றாள். காப்பி எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் அது என் மனைவியின் குரல். அன்றிலிருந்து மாலையில் அவள் யார் என்று கேட்டால் நான் பேசுவதில்லை. அவள் காலருகே உட்கார்ந்து தலையைக் கொடுப்பேன். தேடுவாள், கண்டுபிடிப்பாள், என்னைத் திட்டுவாள். அவள் கண்ணும் காதும் என்னைக் கைவிட்ட பிறகும் விரல் கைவிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

சீப்பு கீறிவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா. சீப்பு இல்லை. மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். தலையில் சுரீர் என்றது. விழித்துப் பார்த்தால் அம்மா பின்னால் நிற்கிறாள், கையில் அந்தப் பழைய மில் இடுக்கி. தையல் பெட்டியின் அடியில் கிடந்ததை எப்போது எடுத்தாளோ. விரலில் ரத்தம். முகத்தில் அப்படியொரு நிறைவு. "துணி நல்ல துணி. ஒரே ஒரு முடிச்சு இருந்துச்சு. எடுத்துட்டேன்னா அனுப்பிடலாம்" என்றாள். நான் இடுக்கியை மெல்ல வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா பாத்திருக்கீங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது, பாப்பா. தன் வேலையைச் செய்தவளிடம் என்ன குற்றம் கண்டுபிடிப்பது.

சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்தேன். இரண்டொரு நாளில் சிவந்து, சூடேறி, தலையணையில் தலை வைக்க முடியாமல் ஆயிற்று. துணைக்கு வரும் அம்மாள் தலையணை உறையில் கறையைப் பார்த்துவிட்டு என்னைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுவை மருத்துவர் உன் வயதுப் பெண். கீறியதும் ஒரு நாற்றம் வந்தது பார், யாரோ மதியச் சாப்பாட்டை லீவு முழுக்கப் பைக்குள் மறந்துவிட்டு வந்த மாதிரி. மன்னிப்புக் கேட்டேன். இதெல்லாம் எங்களுக்கு சென்ட் மாதிரி சார் என்று சிரித்தார். பிறகு விளக்கினார். இப்போது சீழைத்தான் எடுத்திருக்கிறார். வீங்கிய நேரத்தில் பையின் சுவர் நனைந்த காகிதம் போல ஒட்டிக்கொண்டிருக்குமாம், இழுத்தால் கிழிந்து துணுக்கு நின்றுவிடும். வீக்கம் நன்றாக வற்றிச் சில வாரம் போன பிறகு மறுபடி வந்தால் பையை முழுசாக எடுத்துவிடலாம், அதன் பின் அந்த இடத்தில் வராது என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று மாலை வழக்கம்போல அம்மாவின் காலருகே உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து என் தலையில் வைத்தேன். விரல் நேராக அந்த இடத்துக்கு வந்தது. அங்கே தட்டையாக ஒரு தழும்புதான் இருந்தது. சுற்றி வந்தது. மறுபக்கம் போய்த் தேடியது. திரும்பவும் வந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "சார், நீங்க வீடு மாறி வந்துட்டீங்க போல."

அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் விருந்தாளி. அந்நிய ஆணோடு ஓர் அறையில் படுக்க மாட்டேன் என்கிறாள், நான் கூடத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். கதவைத் திறந்து வைக்கச் சம்மதித்திருக்கிறாள், அது அவள் பெருந்தன்மை. மாலையில் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தன் கணவனைப் பற்றிச் சொல்கிறாள். "எங்க வீட்டுக்காரரும் வாத்தியார்தான் சார். பேச ஆரம்பிச்சா ஊர்ல யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா ரொம்ப நல்ல மனுஷன். எங்க போனார்னுதான் தெரியல" என்கிறாள். இத்தனை வருஷத்தில் நல்ல மனுஷன் என்று என்னிடம் நேரில் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறாள். இருட்டும்வரை பார்க்கிறாள். வந்துவிடுவார் என்று நானும் சொல்லிவைக்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என்னால் வந்து சேர முடியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். குறித்த நாளுக்கு முந்தின வாரம் அந்த மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். பையை எடுக்கும்போது அதில் கொஞ்சம் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்துவிட்டார். மறுபடி கேட்டேன். "சார், திரும்ப வரவே கூடாது, ஒரு துளிகூட விடாம எடுங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. திரும்ப வரணும்னு கேக்குற மொத ஆள் நீங்கதான்" என்றார். காரணத்தைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை.

கடைசியில் சொன்னார்: தெரிந்தே பாதியில் விட்டுவிட்டுத் தைக்க என்னால் முடியாது, அது வைத்தியம் இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டாமென்றால் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இது கெடுதலான கட்டி இல்லை. சுவர் உள்ளேதான் இருக்கிறது, மெல்ல மறுபடி நிறையலாம், நிறையாமலும் போகலாம். திரும்பச் சீழ் பிடித்தால் உங்கள் வயதில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சிவந்தாலோ, சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். சம்மதமா என்றார். சம்மதம் என்று வந்துவிட்டேன். அதனால்தான் போகவில்லை.

இடுக்கியைத் துணைக்கு வரும் அம்மாள் கொண்டுபோய்விட்டார். தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு ஒரு பாடமும் எனக்கு ஒரு பாடமும் நடத்துகிறேன் என்று நினைக்காதே. பாடம் ஒன்றுதான். உள்ளே இருப்பதை விட்டுவைத்தால் திரும்ப வரும் என்பதை நம்பித்தான் நான் காத்திருக்கிறேன்.

கோபம் தணிந்ததும் எழுது. இந்த விஷயத்தில் மட்டும் அப்பாவைக் கொஞ்சம் விட்டுவிடு.

அன்புடன்
அப்பா

*

அன்பு மகளுக்கு,

இரண்டு மாதமாகச் சரியாக எழுதவில்லை. போனில் எல்லாம் சரி, எல்லாம் சரி என்று சொல்லி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு நடை குறைந்திருக்கிறது. சாப்பாட்டை ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. என்னைச் சார் என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை. துணைக்கு வரும் அம்மாள் சாயங்காலமும் இருந்துவிட்டுப் போகிறார். போகும்போது "நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க சார், நாளைக்கு உங்களையும் சேத்துத் தூக்க எனக்கு இடுப்பு இல்ல" என்கிறார்.

உன் கடிதத்தை மேசை மேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் கட்டியை எடுக்க டாக்டர் குறித்திருந்த ஆபரேஷனை வேண்டாமென்று தள்ளிவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். உனக்கும் அதே இடம், அதே பக்கம். அம்மா என்னிடம் தேடிக் கிடைக்காமல் போனது உன்னிடம் இருக்கிறது. லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன், அம்மாவின் கைக்கு என் தலையைக் கொடுக்கிறேன், அவள் என்னை நீங்கள் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை, ஒரு சாயங்காலமாவது அவள் வாசலைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய்.

இதைப் படித்தபோது எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அந்த ஆசையோடுதான் இருந்தேன். சரி, வா என்று ஒரு கடிதம் எழுதி, உறையிலும் போட்டுவிட்டேன். பிறகு கிழித்தேன்.

என்ன நடந்தது என்று சொல்லாமல் உன்னைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. என்னுடையது திரும்ப வந்துவிட்டது. முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு, இப்போது பட்டாணி. தழும்புக்குப் பக்கத்தில் உறுதியாக இருக்கிறது. கைக்கு நன்றாகத் தெரிகிற அளவு வரட்டும் என்று பொறுத்திருந்தேன். சென்ற வாரம் ஒரு சாயங்காலம் முகம் தெளிவாக இருந்தாள். கீழே உட்கார்ந்து அவள் கையை எடுத்து என் தலையில் வைத்தேன். விரல்கள் உடனே நகரவில்லை. பிறகு மெல்ல ஓடத் தொடங்கின. விரல் கட்டிக்கு வந்தது. நின்றது. உண்மையாகவே நின்றது, பாப்பா. அதைச் சுற்றி ஒரு முறை வந்தது. அழுத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அழுத்தவில்லை. துணைக்கு வரும் அம்மாளைப் பார்த்து, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "முடிச்சு இருக்கு. சின்னதுதான், பரவால்ல. நல்ல துணி, அனுப்பிடுங்க." சொல்லிவிட்டு உள்ளங்கையால் என் தலையை ஒரு முறை நீவி, சுருக்கம் எடுப்பதுபோல எடுத்து, கையை இழுத்துக்கொண்டாள். பாவம், அந்த அம்மாளும் "சரிக்கா, அனுப்பிடுறேன்" என்றார். அதன் பின் நான் மூன்று சாயங்காலம் தலையைக் கொடுத்துப் பார்த்தேன். விரல் நிற்கவே இல்லை.

கட்டி திரும்ப வந்துவிட்டது. அதைத் தொட்டு என்னை அறிந்த இடம்தான் அவளுக்குள்ளே இப்போது இல்லை. அது உன் தலையில் இருந்தாலும் என் தலையில் இருந்தாலும் ஒன்றுதான். நீ அவ்வளவு தூரம் வந்து தலையைக் கொடுத்து, அவள் அதன் மேல் கை ஓட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டால், அதை உன்னால் தாங்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

அதனால் சொல்கிறேன். உன் ஆபரேஷனைத் தள்ளாதே. டாக்டர் வேறு நாள் கொடுத்தால் முதல் நாளையே வாங்கிக்கொள். முழுசாக எடுக்கச் சொல். எங்களுக்காக நீ எதையும் தலையில் சுமக்க வேண்டாம். நானும் நாள் குறித்துவிட்டேன். அந்த மருத்துவர் என்னைப் பார்த்ததும் நாட்காட்டியை எடுத்தார். பிறகு, "அம்மா எப்படி இருக்காங்க சார்" என்று கேட்டார். நல்ல துணி என்று என்னை அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது. பரவாயில்லை.

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்ன பிறகு வா. லீவு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. அம்மா உன்னை யார் என்று கேட்க மாட்டாள், அந்தக் கேள்வியும் இப்போது அவளிடம் இல்லை. அதற்காக வாசலிலேயே நின்று அழாதே. பக்கத்தில் உட்கார். உன் சேலையைத் தடவிப் பார்த்தால் பார்க்கட்டும். மாப்பிள்ளையால் வர முடியாவிட்டால் நீ மட்டுமாவது வா.

இன்னொன்று. உன்னிடம் சாவி இருக்கிறது, கதவும் திறந்துதான் இருக்கும், நீ பாட்டுக்கு வந்துவிடலாம். இருந்தாலும் படியேறும்போதே, நான் எந்த அறையில் இருந்தாலும் காதில் விழுகிற மாதிரி, அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டு வா. என்னை அப்படி யாராவது கூப்பிட்டுக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நீ நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும். உன்னை அறிந்தவர்கள் எப்போதும் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும்.

அப்பா